கோப்பியை விட்டவரின் தலையிடி: ஒரு வரலாற்று நோக்கு

எம்மவர் வீடுகளின் குசினித் தட்டுகளில் தேயிலைப் பேணிக்கும் கோப்பிப் போத்தலுக்கும் அருகே தலையிடிக் குளிசைப் பெட்டியொன்றும் இருப்பதைக் காணலாம். இவை ஒரே தட்டில் இருப்பது தற்செயல் என்றே நாம் எண்ணி வருகின்றோம். ஆனால் இவற்றுக்கிடையே நெருங்கிய உறவொன்று உண்டு. அவ்வுறவின் வரலாறு சுவிற்சலாந்து, சுவீடன், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில், அதாவது இன்று நாம் தஞ்சம் புகுந்து வாழும் அதே நாடுகளில், உழைக்கும் மக்களின் சிறுநீரகங்களிலே எழுதப்பட்டது. அவ்வரலாற்றை அறிந்து வைத்திருப்பது எமது குடும்பங்களுக்குப் பயன் தரும் என்ற எண்ணத்தினாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாள்தோறும் கோப்பியோ தேநீரோ அருந்திப் பழகிய ஒருவர் திடீரென ஒருநாள் அதனை நிறுத்துவாராயின், கடைசிக் கோப்பையைக் குடித்து ஏறத்தாழ 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் அவருக்குத் தலையிடி தொடங்கலாம். தலையின் இரு பக்கமும் பாரமாக இடிக்கும்; உடல் சோரும்; நித்திரை தூங்கும்; காரணமின்றிச் சினம் வரும். முதலிரு நாட்களில் அது உச்சமடைந்து, இரண்டு முதல் ஒன்பது நாட்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். இடையில் ஒரு கோப்பை குடித்தாலோ பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் மறைந்துவிடும். "தேத்தண்ணி குடியாமல் தலை இடிக்குது" என்று எமது ஊர்களிலே பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கின்றோம். அந்த ஒற்றை வசனத்தை உண்மையென நிறுவுவதற்கு மேலைத்தேய மருத்துவத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது என்றால் வியப்பாகவே இருக்கும்.

பெயர் பெற்ற பொருள்

கோப்பி ஒரு பானமாக முதலிற் பரவியது 15ஆம் நூற்றாண்டில், யேமன் நாட்டிலேயாகும். இரவு முழுவதும் விழித்திருந்து இறைவனைத் துதித்த சூபி ஞானிகள் நித்திரையை விரட்டுவதற்காக அதனை அருந்தினர். அங்கிருந்து மெக்கா, கெய்ரோ, இஸ்தான்புல் எனப் பரவி, 17ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவை வந்தடைந்தது. 1652இல் இலண்டனில் முதலாவது கோப்பிக் கடை திறக்கப்பட்டது. ஆயினும் கோப்பியில் நித்திரையை விரட்டும் பொருள் எது என்பதை அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை.

அதனை முதலிற் பிரித்தெடுத்தவர் பிரீட்லீப் பேர்டினண்ட் றுங்கே என்ற இளம் யேர்மானிய இரசாயனவியலாளர். 1819ஆம் ஆண்டு மகாகவி கேதே அவரை அழைத்து, அவர் செய்து காட்டிய பரிசோதனையொன்றைப் பார்த்து மகிழ்ந்து, அக்காலத்தில் அரிதாகவிருந்த கோப்பிக் கொட்டைகள் சிலவற்றைக் கையிற் கொடுத்து, இவற்றையும் ஆராய்ந்து பாரும் எனக் கூறியதாக வரலாறு. அதன் பயனாகவே கஃபீன் கண்டறியப்பட்டது. பின்னர் 1827இல் தேயிலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருளுக்குத் தேயீன் என்று வேறொரு பெயர் இடப்பட்டது. இரண்டும் ஒன்றே என்பது 1838இல் நிறுவப்பட்டது. ஆகவே, "நான் கோப்பி தொடுவதில்லை, தேநீர் மட்டுந்தான்" என்று சொல்பவரும் அதே பொருளையே, அளவிற் சற்றுக் குறைவாக, உட்கொள்கின்றார் என்பது 180 ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட உண்மையாகும்.

பொருளைக் கண்டறிந்தாயிற்று. ஆனால் அது இல்லாதபோது வரும் தலையிடியைப் பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலம் தெளிவாகப் பேசவில்லை. 1893இல் அமெரிக்க மருத்துவர் நோர்மன் பிரிட்ஜ் கோப்பி குடிப்பதனால் வரும் நோய்களைப் பற்றி எழுதிய கட்டுரையே, கோப்பியை நிறுத்தியோருக்கு வரும் தலையிடியை எடுத்துரைத்த முன்னோடி எழுத்துக்களுள் ஒன்றாக இன்று ஆய்வாளர்களாற் குறிப்பிடப்படுகின்றது. எனினும் பொதுமக்களிடையே பரவியது வேறொரு கருத்து. 1895இல் அமெரிக்காவிலே சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் கோதுமைத் தவிட்டையும் சர்க்கரைப்பாகையும் வறுத்து, 'போஸ்ரம்' என்ற பெயரில் கோப்பிக்குப் பதிலான பானமொன்றை விற்கத் தொடங்கினார். அதற்கான விளம்பரங்கள் உடலின் பல உபாதைகளுக்கும் கோப்பியே காரணம் என்று ஓயாது உரைத்தன. 1906இல் யேர்மனியின் பிரேமன் நகரில் லூட்விக் றோசேலியுஸ் என்ற வணிகர் கஃபீன் நீக்கிய கோப்பியை விற்கும் நிறுவனத்தை ஆரம்பித்தார். கோப்பி தலையிடியைத் தரும் என்ற அச்சம் இவ்வாறு வணிகமாயிற்று. கோப்பியை நிறுத்துவதாலும் தலையிடி வரும் என்ற மற்றைய பாதி உண்மையைச் சொல்வதில் எந்த வணிகருக்கும் இலாபம் இருக்கவில்லை.

தட்டுப்பாட்டுக் காலங்கள்

கோப்பியைத் தாமாக விட்டவர்களை விட, விட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவர்களே வரலாற்றில் அதிகம். 1781இல் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக், கோப்பிக் கொட்டை வறுக்கும் உரிமையை அரசுக்கே உரியதாக்கினான். களவாக வறுப்போரைப் பிடிப்பதற்காக, முன்னாட் படைவீரர்கள் தெருத்தெருவாக மணம் பிடித்துத் திரிந்தார்கள். மக்கள் அவர்களைக் 'கோப்பி மோப்பக்காரர்' என அழைத்தனர். 1806இல் நெப்போலியன் பிரித்தானிய வணிகத்துக்கு எதிராக ஐரோப்பியத் துறைமுகங்களை மூடியபோது, கோப்பிக்குப் பதிலாகச் சிக்கரிக் கிழங்கை வறுத்துக் குடிக்கும் வழக்கம் வீடுகளில் வேரூன்றியது. சிக்கரியிற் கசப்பும் நிறமும் உண்டு, கஃபீன் இல்லை.

அண்மைக் காலத்தில் 1977இல் கிழக்கு யேர்மனியில் ஏற்பட்ட கோப்பி நெருக்கடியும் குறிப்பிடத்தக்கது. 1975இல் பிரேசிலில் பெய்த உறைபனியாற் கோப்பி விலை உலகெங்கும் ஏறியது. வெளிநாட்டுப் பணம் போதாத கிழக்கு யேர்மானிய அரசு, 51 வீதம் கோப்பியும் மிகுதி தானியம் முதலியனவும் கலந்த ஒரு தூளைக் கடைகளுக்கு அனுப்பியது. எதனையும் பொறுத்துப் பழகியிருந்த அம்மக்கள் இதனைப் பொறுக்கவில்லை. முறைப்பாட்டுக் கடிதங்கள் குவிந்தன. 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்குப் பக்கம் கடந்து தஞ்சம் கேட்ட எம்மவர் பலர் கால்வைத்த நாடும் அதுவேயாகும்.

பிரித்தானியாவில் 1940ஆம் ஆண்டு யூலை மாதம் தேயிலைக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 57 கிராம். போர் முடிந்த பின்னரும் நீடித்த இப்பங்கீடு 1952ஆம் ஆண்டு ஒக்ரோபரிலேயே நீக்கப்பட்டது. இந்த இடத்தில் எமது மண்ணையும் நினைவுகூர வேண்டும். 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இரு தசாப்தங்களுள் அத்தொழிலை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துர தோட்டத்திற் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே தேயிலைக்கும் உழைத்தனர். போர்க்காலத்தில் பிரித்தானியரின் தலையிடியைத் தடுத்த தேயிலையிற் பெரும்பங்கு அம்மக்களின் கைகளினாற் கொய்யப்பட்டது. போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் அம்மக்களிற் பெரும்பாலானோர் நாடற்றவர்களாயினர். தரமான தேயிலை கப்பலேறியது. தூசித் தேயிலையில் வடித்த சாயத்தண்ணியே அவர்களுக்கு எஞ்சியது.

அமெரிக்காவில் 1942 நவம்பர் முதல் 1943 யூலை வரை கோப்பிப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்து வாரத்துக்கு ஓர் இறாத்தல் மட்டுமே. அதே 1943ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் இத்தலையிடியை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்த பரிசோதனையொன்று வெளியாயிற்று. டிறைஸ்பாக், பைபர் என்ற இரு ஆய்வாளர்கள், தாமாக முன்வந்த சிலருக்குக் கஃபீன் அடைத்த குளிசைகளை நாளுக்கு நாள் கூட்டிக் கொடுத்தனர். பின்பு, அவர்கள் அறியாமலே, கஃபீன் இல்லாத குளிசையை மாற்றிக் கொடுத்தனர். பெரும்பாலோருக்குத் தலையிடி வந்தது. பலருக்கு அது கடுமையாகவிருந்தது. எமது பெரியவர்கள் சொன்னது பொய்யல்ல என்பதற்கு முதலாவது செய்முறைச் சான்று இவ்வாறு கிடைத்தது. ஆனால் உலகப்போர் நடந்துகொண்டிருந்த அவ்வேளையில் இச்செய்தி மருத்துவ ஏடுகளின் பக்கங்களைத் தாண்டித் தொழிலாளரின் வீடுகளுக்குச் செல்லவில்லை. செல்லாததன் விலை பெரிதாயிற்று.

தொழிற்சாலைத் தூள்கள்

சுவீடனில் ஹுஸ்க்வார்ணா என்னும் ஊர் ஆயுதத் தொழிற்சாலையினாற் பெயர்பெற்றது. 1918இல் உலகெங்கும் கொள்ளைநோயாகப் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் அவ்வூரையும் தாக்கியபோது, யோர்ட்டன் என்ற மருத்துவர் ஒரு தூளை எழுதிக் கொடுத்தார். பெனாசெற்றின், பெனசோன் என்ற இரு வலிநிவாரணிகளும் அவற்றுடன் கஃபீனும் அதில் அடங்கியிருந்தன. காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. அதனைக் குடித்தால் உடல் இலேசாகின்றது, கை விரைவாக ஓடுகின்றது என்று தொழிலாளர் கண்டனர். வேலைக்கு முன் ஒன்று, வேலை நடுவே ஒன்று என அது நாளாந்தப் பழக்கமாயிற்று. பல ஆண்டுகளின் பின், அத்தொழிற்சாலையிற் சிறுநீரக நோயினால் இறப்போர் தொகை கூடியதைக் கண்டு மருத்துவர்கள் திடுக்கிட்டனர். கூர்ட் கிரிம்லுண்ட் என்ற மருத்துவரின் ஆய்வு 1963இல் வெளியாகி, தூளுக்கும் சிறுநீரகச் சிதைவுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியது.

இதற்கு முன்னரே சுவிற்சலாந்தில் எச்சரிக்கை மணி ஒலித்திருந்தது. ஸ்பூலர், சொலிங்கர் என்ற இரு மருத்துவர்கள் 1953இல் வெளியிட்ட கட்டுரையில், வலிநிவாரணிகளை நெடுங்காலம் உட்கொண்டவர்களிடையே காணப்பட்ட ஒருவகைச் சிறுநீரக அழற்சியை விபரித்திருந்தனர். அந்நாட்டின் மணிக்கூட்டுத் தொழிலிற் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்தனர். கண்ணுக்குத் தெரியாத சிறு பாகங்களை நாள் முழுவதும் குனிந்திருந்து பொருத்தும் வேலை, எண்ணிக்கைக்கே கூலி. தலை இடித்தாலும் கை நிற்க முடியாது. பெனாசெற்றினும் கஃபீனும் கலந்த குளிசைகளும் தூள்களும் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கக் கூடியனவாக இருந்தன. 1968இல் பாசல் நகரைச் சூழ்ந்த பகுதியில் உழைக்கும் பெண்கள் பல்லாயிரவரைக் கொண்டு ஆரம்பிக்கப்பட்ட ஆய்வு இருபதாண்டுகள் வரை தொடரப்பட்டது. பெனாசெற்றினை முறையாக உட்கொண்டு வந்த பெண்களிடையே சிறுநீரக நோயினால் ஏற்பட்ட இறப்பு, உட்கொள்ளாதவரிலும் பன்மடங்கு கூடுதலாக இருந்ததை அது நிறுவியது.

அவுஸ்திரேலியாவில் இதே கதை வீட்டுக்குள்ளே நடந்தது. அஸ்பிரின், பெனாசெற்றின், கஃபீன் ஆகிய மூன்றும் கலந்த 'பெக்ஸ்', 'வின்சென்ற்ஸ்' ஆகிய தூள்கள் சில்லறைக் கடைகளிலேயே விற்கப்பட்டன. குடும்பச் சுமையாற் களைத்த பெண்களை நோக்கியே அவற்றின் விளம்பரங்கள் பேசின. ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பெக்ஸ், ஒரு நல்ல படுக்கை என்பது அந்நாட்டுப் பேச்சு வழக்காகவே ஆகி, 1965இல் ஒரு மேடை நிகழ்ச்சிக்கும் அதுவே பெயராயிற்று. மெல்பேர்ண் நகரின் சிறுநீரக மருத்துவர் பிரிசில்லா கின்கெயிட்-ஸ்மித் அம்மையார் முதலியோர், இத்தூள்களை உட்கொண்டவர்களின் சிறுநீரகங்கள் சிதைந்து போவதை எடுத்துக்காட்டி ஓயாது போராடினர். 1970களின் இறுதியில் இத்தகைய கலவைகளின் தாராள விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. அதன்பின் இந்நோய் படிப்படியாகக் குறைந்தது. அமெரிக்காவில் 1983இல் பெனாசெற்றின் சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. ஏனைய நாடுகளும் அவ்வழியிற் சென்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறுநீரகங்களை அழித்தது கஃபீன் அன்று. அப்பழி முதன்மையாகப் பெனாசெற்றினையும், வலிநிவாரணிகளை ஒன்றோடொன்று கலந்து ஆண்டுக்கணக்காக உட்கொண்டதையுமே சாரும். அப்படியாயின் கஃபீனின் பங்கு யாது? தூளைக் குடித்த தொழிலாளியின் கையை மறுநாளும் தூளை நோக்கி நீளச் செய்ததிற் கஃபீனுக்குப் பங்குண்டு என மருத்துவர்கள் பலர் கருதினர். இரவு நித்திரையின் பின் கஃபீன் உடலில் வற்றும். காலையில் தலை இடிக்கும். தூளைக் குடித்தவுடன் அது மாறும். தூள் நோயைத் தீர்க்கின்றது என்று தொழிலாளி நம்புவான். உண்மையில் நேற்றைய தூள் ஏற்படுத்திய குறையையே இன்றைய தூள் நிரப்பியது. வட்டிக் கடனை அடைக்க மறுபடியும் வட்டிக்கு வாங்குவது போன்ற நிலை இது. அத்தலையிடிக்கு ஒரு பெயரும், அது சில நாட்களில் தானே போய்விடும் என்ற ஒரு செய்தியும் அம்மக்களுக்கு எட்டியிருந்தால், அவர்களிற் பலர் அந்த வட்டத்திலிருந்து வெளியேறியிருக்கக் கூடும்.

பூட்டும் திறப்பும்

இத்தலையிடி எவ்வாறு உண்டாகின்றது என்பதற்கான விளக்கம் 1980களிலேயே தெளிவு பெற்றது. எமது மூளையில் அடினோசின் என்னும் பொருள் இயற்கையாகவே சுரக்கின்றது. நாம் விழித்திருந்து உழைக்க உழைக்க அது சேர்ந்து, மூளையின் உயிர்க்கலங்களிலுள்ள ஏற்பிகளிற் பொருந்தி, 'போதும், ஓய்வெடு' என்று உணர்த்துகின்றது. மூளையின் இரத்தக் குழாய்களையும் அது விரியச் செய்கின்றது. ஏற்பியைப் பூட்டு எனக் கொண்டால் அடினோசின் அதன் திறப்பு. கஃபீனோ, பூட்டின் துவாரத்திற் புகக்கூடிய, ஆனாற் பூட்டைத் திறக்க முடியாத பொய்த் திறப்பு. அது துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை உண்மைத் திறப்புக்கு இடமில்லை. எனவே களைப்புத் தெரியாது. இரத்தக் குழாய்களும் சுருங்கி நிற்கும்.

நாள்தோறும் இவ்வாறு நிகழ, உடலும் அதற்கேற்ப மாறிக்கொள்கின்றது. அடினோசினுக்கு அது கூடுதலாக உணர்வுடையதாகின்றது. ஒருநாள் கஃபீன் வராது போனால், அத்தனை பூட்டுக்களும் ஒருமிக்கத் திறந்து கொள்கின்றன. சுருங்கியிருந்த குழாய்கள் விரிந்து மூளைக்குச் செல்லும் குருதியின் ஓட்டம் கூடுகின்றது. சோர்வும் தலையிடியும் வருகின்றன. பழக்கத்துக்கு உடல் மறுபடியும் தன்னைத் திருத்திக்கொள்ளச் சில நாட்கள் தேவைப்படுகின்றன. அச்சில நாட்களே தலையிடியின் காலமாகும்.

1992இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பரிசோதனை இவ்விடயத்தில் ஒரு திருப்புமுனையாகும். பெருங் கோப்பிப் பிரியர்களை அவர்கள் தெரிவு செய்யவில்லை. நாளுக்குச் சராசரி 235 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கோப்பை கோப்பியின் அளவு கஃபீன் உட்கொள்ளும் சாதாரண மக்கள் 62 பேரைத் தெரிந்தெடுத்தனர். எது கஃபீன், எது வெறுங் குளிசை என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. கஃபீன் இல்லாத நாட்களில் அவர்களில் 52 வீதத்தினருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான தலையிடி வந்தது. கஃபீன் கொடுக்கப்பட்ட நாட்களில் 6 வீதத்தினருக்கு மட்டுமே வந்தது. வேறு மருந்து எடுக்கலாகாது என்று தடுக்கப்பட்டிருந்தும், வெறுங் குளிசை பெற்ற நாட்களில் 13 வீதத்தினர் அத்தடையை மீறி மருந்தெடுத்தனர். ஹுஸ்க்வார்ணாவின் தொழிலாளியும் பாசல் நகர்ப் பெண்ணும் குளிசையை நாடியது மனப்பலவீனத்தினால் அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 2013இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனது நோய்க் கையேட்டில் இதனை முழுமையான ஒரு நிலையாகச் சேர்த்துக்கொண்டது. நோர்மன் பிரிட்ஜின் கட்டுரையிலிருந்து கணக்கிட்டால் 120 ஆண்டுகள்!

சத்திரசிகிச்சையும் நோன்பும்

இந்த அறிவு பயன்பட்ட முதலிடங்களுள் ஒன்று வைத்தியசாலை. சத்திரசிகிச்சைக்குப் பின் நோயாளர் பலர் தலையிடியால் வருந்துவதுண்டு. மயக்க மருந்தே அதற்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. 1989இலும் 1991இலும் வெளியான ஆய்வுகள், நாளாந்தம் கூடுதலாகக் கஃபீன் உட்கொண்டவர்களுக்கே அத்தலையிடி கூடுதலாக வருவதைக் காட்டின. முதல்நாள் இரவிலிருந்து எதுவும் அருந்தாமல் இருந்ததே அதற்குப் பெருங் காரணமாகவிருந்தது. இன்று பல நாடுகளின் மயக்கமருந்து வழிகாட்டல்கள், பாலில்லாத கோப்பியையும் தேநீரையும் தெளிந்த பானங்களுள் அடக்கி, சத்திரசிகிச்சைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை அனுமதிக்கின்றன. எனினும் இது நோயாளிக்கு நோயாளி வேறுபடும். எமது எண்ணப்படி செய்யாது, வைத்தியசாலையிற் கேட்டறிந்தே செய்ய வேண்டும். மொழி தெரியாத வயோதிபர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், 'இவர் நாளுக்கு ஐந்து தடவை தேநீர் அருந்துபவர்' என்ற சிறு தகவலையும் மருத்துவரிடம் சொல்லி வைப்பது நன்று.

நோன்புக்கும் இது பொருந்தும். றமழான் மாதத்தின் முதல்நாளில் வரும் தலையிடியைப் பற்றிச் சவூதி அரேபியாவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு, கஃபீன் நிறுத்தப்படுவதை அதன் முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. எமது இஸ்லாமியச் சகோதரர்கள் இதனை அனுபவத்தில் அறிவார்கள். கந்தசஷ்டியில் ஆறு நாள் விரதம் இருப்போருக்கும், தவக்காலத்திற் கோப்பியைத் துறக்கும் கிறித்தவர்களுக்கும் நிலை இதுவே. பசியினாலும் நீர் அருந்தாமையினாலும் தலை இடிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் விரதம் தொடங்குவதற்கு ஒருவாரம் முன்பிருந்தே தேநீரைப் படிப்படியாகக் குறைத்து வந்தால், விரத நாட்களில் மனம் இறைவனிடம் நிற்கும், தலையிடியிடம் நிற்காது.

எமக்குரிய பாடம்

இவ்வரலாற்றை நாம் இவ்வளவு விரிவாக எடுத்துரைத்ததன் நோக்கம் கோப்பியைப் பழிப்பதன்று. வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், கர்ப்பிணிகள் 200 மில்லிகிராம் வரையும் கஃபீன் உட்கொள்வதாற் பொதுவிற் தீங்கில்லை என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் அறிவித்தது. பெரிய கோப்பையொன்றில் வடித்த கோப்பியில் 100 மில்லிகிராம் அளவிலும், தேநீரில் அதன் அரைப்பங்கு அளவிலும் கஃபீன் இருக்கும். கொக்கா கோலாவிலும், இளைஞர்கள் விரும்பிக் குடிக்கும் சக்திப் பானங்களிலும் அது உண்டு. 250 மில்லிலீற்றர் றெட்புல் பேணி ஒன்றில் 80 மில்லிகிராம்.

எமது கவலை வேறொன்று. உணவகத்தின் சமையலறையில் நள்ளிரவு வரை கோப்பை கழுவியவர், விடியலில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் புறப்படும் தாய், இரண்டு வேலைக்கு இடையே நான்கு மணித்தியாலம் மட்டும் உறங்கும் தந்தை ஆகியோருக்குக் கோப்பி ஒரு சுவைப் பானமன்று. அது ஒரு வேலைக் கருவி. மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் பெண்ணுக்குத் தூள் எவ்வாறோ, எம்மவருக்குக் கோப்பி அவ்வாறு. வேலை நாட்களில் ஐந்தாறு கோப்பை குடித்துவிட்டு, விடுமுறை நாளில் மதியம் வரை உறங்கி எழும்போது தலை இடிக்கும். உடனே கை குளிசைப் பெட்டியைத் தேடும். அக்குளிசையிலும் கஃபீன் இருக்கலாம். பனடோல் எக்ஸ்ட்ரா ஒன்றில் 500 மில்லிகிராம் பரசிற்றமோலுடன் 65 மில்லிகிராம் கஃபீனும் உண்டு. பெனாசெற்றின் ஒழிந்துவிட்டது; ஆனால் வலிநிவாரணியும் கஃபீனும் கலந்த குளிசைகள் ஒழியவில்லை. இத்தகைய கலவைக் குளிசைகளை மாதத்திற் பத்து நாட்களும் அதற்கு மேலும், மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்து வந்தால், குளிசையே தலையிடியை வளர்க்கும் நிலை உருவாகலாம் எனச் சர்வதேசத் தலையிடிச் சங்கத்தின் வகைப்படுத்தல் எச்சரிக்கின்றது.

ஆகவே எமது வேண்டுகோள்கள் சிலவே. முதலாவது, குளிசைப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசியுங்கள். வாசிக்க முடியாவிடின் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். இரண்டாவது, கோப்பியையோ தேநீரையோ குறைக்க விரும்பினால் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். சில நாட்களுக்கு ஒருமுறை அரைக் கோப்பையாகக் குறைத்து வாருங்கள். அல்லது கஃபீன் நீக்கிய கோப்பியைச் சிறிது சிறிதாகக் கலந்து வாருங்கள். எமது ஊர் மல்லிக்கோப்பி, கோப்பித்தூள் சேர்க்காது காய்ச்சப்பட்டால், பெயரளவிலேயே கோப்பி. கொத்தமல்லியில் ஊறிய அதிற் கஃபீன் இல்லை. மாலை வேளைகளுக்கு அது ஏற்றது. மூன்றாவது, தலையிடியெல்லாம் கோப்பியால் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். இடிவிழுந்தாற் போலத் திடீரென வரும் கடுந் தலையிடி, காய்ச்சலுடனும் கழுத்து விறைப்புடனும் வரும் தலையிடி, கைகால் வலுவிழத்தலோ பார்வைக் குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ சேர்ந்த தலையிடி ஆகியன கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை.

இறுதியாக ஒன்று. தலையிடி என்று சொல்பவரைச் சோம்பேறி என்றோ, சாட்டுச் சொல்பவர் என்றோ இகழும் வழக்கம் தொழிற்சாலைகளில் மட்டுமன்றி எமது வீடுகளிலும் உண்டு. ஹுஸ்க்வார்ணாவிலும் பாசலிலும் மெல்பேர்ணிலும் மக்கள் தூளை நாடியது, வலியை வெளியே சொல்ல இடமின்றி உழைக்க வேண்டியிருந்தமையாலேயே. வலியைச் சொன்னவரின் சொல்லை நம்புவதும், அதன் காரணத்தை அவரோடு கூடியிருந்து தேடுவதும் மருந்தினும் முந்திய மருந்தாகும். அந்நாட்டு மக்கள் தம் உடலை விலையாகக் கொடுத்துப் பெற்ற இந்த அறிவு எமக்கு இன்று இலவசமாகக் கிடைத்திருக்கின்றது. அதனை எமது குடும்பங்களிற் பயன்படுத்திக்கொள்வோமாக.